பழைய விலாசம்

நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு விலாசம் மாறுவது புதிய அனுபவம் அல்ல. வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே நாலு ராஜ்யங்களில் குடியிருந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். 1949 ஜூலைக்கு முன்பு திருவிதாங்கூர். அதன் பின் திருவிதாங்கூர்–கொச்சி. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டம் என்ற பெயரில் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. 1969 ஜனவரியில் அந்த ராஜ்யமே தமிழ்நாடு என்று பெயர் சூட்டிக்கொண்டது. இருபது வருஷத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. அதே திண்ணை, அதே தென்னை, அதே கிணறு. உறையின் மேல் எழுதும் கடைசி வரி மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கடிதம் கொண்டுவந்த ஏற்பாடும் மாறிற்று. திருவிதாங்கூருக்கென்று 'அஞ்சல்' என்ற பெயரில் தனித் தபால் இருந்தது. 1888இல் சங்கு முத்திரை போட்ட தலைகளை வெளியிட்டது அது. மணி கட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அஞ்சலோட்டக்காரன் ஓடிய கதைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1951இல் அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு கலந்துவிட்டது. 1972 ஆகஸ்ட் 15ஆம் தேதி பின்கோடு என்ற ஆறு இலக்க எண் வந்தபோது எங்களுக்கு 629 என்று தொடங்கும் எண்கள் கிடைத்தன.

இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் கடிதங்கள் வந்து சேர்ந்தன என்பதுதான் ஆச்சரியம். இலங்கையிலோ மலேயாவிலோ இருக்கிற உறவினர் பழைய வழக்கத்தை விடாமல் பழைய ராஜ்யத்தின் பெயரையே எழுதியிருப்பார். தபால்காரர் அதைப் பார்த்துக் குழம்புவதில்லை. தெருவும் ஆளும் அவருக்குத் தெரியும். மனித ஞாபகம் நடுவில் நின்று பழைய பெயரைப் புதிய பெயரோடு இணைத்துக்கொடுத்தது.

அந்த ஞாபகம் இல்லாத ஓர் இடத்தில் விலாசம் மாறினால் என்ன ஆகும்? இன்டர்நெட் யந்திரங்களின் சமாசாரம் அப்படிப்பட்டதுதான். அதைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். பெயர்களைப் பற்றிய விஷயமாக இருக்கிறபடியால் ஒரு நாவலாசிரியன் தலையிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்டர்நெட்டில் உள்ள ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. அந்த விலாசத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் யந்திரத்துக்கு சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் தோளில் துண்டோடு வரும் ஓட்டல் ஆசாமிதான் நம் மனக்கண்ணில் தோன்றுவார். தோன்றட்டும், உதாரணம் பொருத்தமானதுதான். நாம் முறுகலாக ஒரு நெய் ரோஸ்ட் கேட்கிறோம். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி, அங்குள்ளவர்களுக்குப் புரிகிற வேறு வாசகத்தில் குரல் கொடுக்கிறார். நாம் சொன்னது ஒன்று, உள்ளே போனது ஒன்று. இலைக்கு வருவது நாம் கேட்டதே. விலாசத்தை உள்ளுக்குள்ளேயே மாற்றி எழுதிக்கொள்வது இந்த வகை. இன்னொரு வகையும் உண்டு. "அந்தப் பலகாரத்தை அடுத்த கட்டடத்துக்கு மாற்றிவிட்டோம், அங்கே போங்கள்" என்று வாடிக்கைக்காரரையே அனுப்பிவைப்பது. நிரந்தரமான மாற்றம் என்றால் 301 என்றும், தற்காலிகம் என்றால் 302 என்றும் யந்திரம் ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பும். இரண்டும் இல்லாமல் "அப்படி ஒன்று இங்கே கிடையாது" என்று கையை விரித்தால், அதற்கு எண் 404.

எங்கள் பக்கத்து வாசகசாலை ஒன்றுக்கு இந்த 404 வந்து சேர்ந்தது. அந்த வாசகசாலைக்காரர்கள் பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். மாவட்டம் பிறந்த காலத்தைக் கண்ணால் கண்ட முதியவர்களை உட்கார்த்திவைத்துப் பேசச் சொல்லி, பேசியதை அப்படியே எழுதி இன்டர்நெட்டில் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றுக்குத் 'தொடுவெட்டி' என்று பெயர். மார்த்தாண்டத்தின் பழைய பெயர் அது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி, தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்கவேண்டும் என்று நடந்த கிளர்ச்சியின்போது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அன்றைக்குச் சந்தைப் பக்கம் நின்றிருந்த ஒருவர் சொன்னதுதான் அந்தப் பக்கம். அவர் ஊரைத் தொடுவெட்டி என்றுதான் சொன்னார். எழுதியவர்களும் அதையே பக்கத்துக்குப் பெயராக வைத்தார்கள். பேசியவர் இன்று இல்லை.

சமீபத்தில் வாசகசாலையின் பக்கங்களையெல்லாம் புதிய ஒழுங்கில் அடுக்கினார்கள். பழைய பெயர்கள் போய், 'நினைவுகள்' என்ற தலைப்பின் கீழ்ப் புதிய பெயர்கள் வந்தன. தொடுவெட்டி, மார்த்தாண்டம் ஆயிற்று. கொஞ்ச நாளில் வெளியூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி எழுதினாள். ஒரு புத்தகத்தின் அடிக்குறிப்பில் பழைய விலாசம் அச்சாகியிருக்கிறது; அதைத் தட்டினால் இப்படி ஒரு பக்கமே கிடையாது என்று வருகிறது; அந்தச் சாட்சியத்தை எடுத்துவிட்டீர்களா என்று கேட்டாள். எடுக்கவில்லை, அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அச்சான புத்தகத்துக்குள் புகுந்து விலாசத்தைத் திருத்த யாரால் முடியும்?

பழைய பெயரில் கேட்பவர்களைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக விதிகள் எழுதவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விதி என்று எழுதினால் முடிவே இராது. ஆகவே பெயர்களின் சாயலைப் பிடித்து விதி எழுதுகிறார்கள். இன்ன மாதிரி தொடங்கி இன்ன மாதிரி முடிகிற பெயர் வந்தால், நடுவில் உள்ளதை எடுத்து இன்ன இடத்தில் வை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். இந்தச் சாயல் பாஷைக்குச் சுவையான பூர்வீகம் உண்டு.

ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித மேதை 1951இல் நரம்புகளின் வலை எப்படிப்பட்ட நிகழ்ச்சிகளை அடையாளம் கண்டுகொள்ளும் என்று ஆராய்ந்தபோது, ஒன்று திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்க ஒரு நட்சத்திரத்தை உபயோகித்தார். அந்தக் கட்டுரை நூலில் அச்சாகி வெளிவந்த வருஷம் 1956. எங்கள் மாவட்டம் பிறந்த அதே வருஷம். 1968இல் கென் தாம்சன் என்பவர் இந்தக் கணிதத்தைக் கொண்டு யந்திரத்தில் சொல் தேடும் வழியைக் கட்டுரையாக எழுதினார். பிறகு யூனிக்ஸ் என்ற ஏற்பாட்டோடு அது உலகமெங்கும் பரவிற்று. 1995இல் அப்பாச்சி என்ற சர்வர் நிரலைப் பலர் சேர்ந்து உருவாக்கினார்கள். மறு வருஷம் ஏப்ரலில் ரால்ஃப் எங்கல்ஷால் என்ற ஜெர்மானியர் அந்தச் சர்வருக்குள் விலாசங்களை மாற்றி எழுதும் உறுப்பு ஒன்றை எழுதி, 1997 ஜூலையில் அப்பாச்சிக் குழுவுக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார். மதராஸ் என்ற பெயர் சென்னை என்று மாறியதும் 1996இல்தான். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றுமில்லை என்றாலும், சொல்லாமல் விட மனசு வரவில்லை.

எங்கல்ஷாலின் உறுப்பு எவ்வளவு சக்தி வாய்ந்ததோ அவ்வளவு ஆளைக் குழப்பக் கூடியது. அதன் கையேட்டிலேயே அதை மாந்திரீகத்துக்கு ஒப்பிட்ட கேலி வாசகம் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். எனக்கு என்னவோ, மாந்திரீகத்தைவிட இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது.

நன்னூல் படித்தவர்கள் புணர்ச்சி விதிகளை மறந்திருக்க மாட்டார்கள். பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. ஒரு மாற்றமும் இல்லை. வாழையும் பழமும் சேர்ந்தால் நடுவில் ஒரு ப் தோன்றுகிறது. மண்ணும் குடமும் சேர்ந்தால் ண் ட் ஆகத் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்தால் ம் கெட்டு மரவேர் ஆகிறது. இயல்பு, தோன்றல், திரிதல், கெடுதல். விலாசத்தை மாற்றும் விதிகளும் இந்த நாலில் அடங்கிவிடுகின்றன: அப்படியே விடு, ஒன்றைச் சேர், ஒன்றை மாற்று, ஒன்றை நீக்கு. பொது விதி ஒன்று, அதற்கு அடங்காதவற்றுக்குப் புறனடை என்ற ஒழுங்கும் இரண்டிலும் ஒன்றே. தொல்காப்பியத்தை அரங்கேற்றியபோது அதங்கோட்டாசான் என்பவர் குற்றம் குறை இல்லாமல் கேட்டு ஆராய்ந்ததாகப் பாயிரம் சொல்கிறது. அந்த அதங்கோடு எங்கள் விளவங்கோடு தாலுக்காவில் உள்ள ஊர்தான் என்று இங்கே எல்லோரும் பெருமையோடு சொல்லிக்கொள்வோம். விதி எழுதுவது ஒரு வேலை. எழுதிய விதி எங்கே பிசகும் என்று உட்கார்ந்து கேட்பது இன்னொரு வேலை.

வாசகசாலைக்காக விதிகளை எழுதிக் கொடுத்தவன் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓர் இளைஞன். பகலில் எங்கோ கம்ப்யூட்டர் உத்தியோகம். மாலையில் தர்ம காரியம். முதல் நாள் அவன் விதிகளைப் போட்டதும், பழைய விலாசம் எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கமே வந்து நின்றது. காரணம் எளிது. எதுவும் கிடைக்காதவர்களை முகப்புக்கு அனுப்பு என்ற பொது விதி பட்டியலின் தலையில் இருந்தது. யந்திரம் மேலிருந்து கீழாகப் படிக்கிறது. முதல் வரியிலேயே எல்லோரையும் பிடித்து அனுப்பிவிட்டால், கீழே உள்ள சிறப்பு விதிகளுக்கு வேலை ஏது? பொது விதி கடைசிக்குப் போயிற்று.

அடுத்தது 'குமரி' என்ற பக்கத்துக்கு எழுதிய விதி. அது கன்னியாகுமரிக்குப் போகிறவர்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. கன்னியாகுமரிக்குள் குமரி இருக்கிறதே! பெயர் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று இரு பக்கமும் எல்லைக்கல் நடவேண்டும். அதற்குத் தனித் தனிக் குறிகள் உண்டு. புள்ளி வைப்பதிலும் ஒரு சூட்சுமம். அந்தப் பாஷையில் புள்ளி என்றால் புள்ளி அல்ல. எந்த ஒரு குறியானாலும் சரி என்று பொருள். நிஜப் புள்ளி வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு சாய்கோடு போட்டுச் சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஓயாத சுற்று. எந்தப் பெயர் வந்தாலும் முன்னால் 'நினைவுகள்' என்று சேர் என்பது விதி. சேர்த்தான். சேர்த்த விலாசம் மறுபடியும் அதே விதியிடம் வந்தது. மறுபடியும் ஒரு 'நினைவுகள்' சேர்ந்தது. பத்து முறை இப்படிச் சுற்றியதும் சர்வர் களைத்துப்போய் 500 என்று சொல்லி உட்கார்ந்துவிட்டது. ஏற்கெனவே நினைவுகள் என்று தொடங்குவதைத் தொடாதே என்று ஒரு புறனடை எழுதியதும் சுற்று நின்றது.

நாலாவதற்கு விளக்கம் கேட்டபோது அவன் சொன்ன உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. சர்வரின் தலைமை ஏட்டில் விதி எழுதினால் விலாசம் ஒரு சாய்கோட்டோடு தொடங்கும். அந்தந்தப் பகுதிக்கான சிறு ஏட்டில் எழுதினால் அந்தச் சாய்கோடு இராது. ஒன்றில் பலித்த விதி மற்றதில் பலிக்காது. "உள்ளூர்க் கடிதத்துல தாலுக்கா பேரு எழுதுவமா அண்ணாச்சி? அதுமாதிரியாக்கும் இது" என்றான்.

இவ்வளவும் சரியான பிறகும் சில பக்கங்கள் பழைய தப்பான இடத்துக்கே போய்க்கொண்டிருந்தன. விதியில் பிசகு இல்லை. பிசகு அவன் எதிரில் இருந்த கம்ப்யூட்டரின் ஞாபகத்தில் இருந்தது. 301 என்றால் நிரந்தரம் அல்லவா? ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் அதை மனசில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை சர்வரைக் கேட்காமலே பழைய இடத்துக்கு ஓடுகிறது. ஆகவே பரீட்சை நடக்கிற வரைக்கும் 302 என்று தற்காலிகமாகச் சொல்லி, எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே 301 என்று முத்திரை குத்தவேண்டும். விவாகப் பேச்சுக்கும் பொருந்தும் புத்திமதி.

கடைசியில் தொடுவெட்டி மட்டும் மிஞ்சிற்று. இங்கே தட்டினால் ஒழுங்காக மார்த்தாண்டத்துக்குப் போகிறது. அந்த மாணவி தட்டினால் 404. அவள் தட்டியதை எழுதி அனுப்பச் சொன்னோம். வந்தது. வாசகசாலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுத்துக்கூட்டிப் பார்த்தார்கள். தொடுவெட்டி. ஒரு மாத்திரை வித்தியாசம் கிடையாது. "அவங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு இருக்கும்" என்று ஒருவர் முடிவுகட்டினார். இளைஞன் ஒத்துக்கொள்ளவில்லை.

"யந்திரம் நாம நெனச்சதப் படிக்காது அண்ணாச்சி, நாம எழுதினதத்தான் படிக்கும். அது என்ன படிச்சிதுன்னு அதுகிட்டயே கேப்போம்."

கேட்பதற்கு வழி இருக்கிறது. அப்பாச்சியின் 2.4ஆம் பதிப்பில், வந்த விலாசம் என்ன, எந்த விதியோடு ஒப்பிட்டது, பொருந்திற்றா இல்லையா என்று வரிவரியாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். எழுதச் சொன்னான். மாணவியை மீண்டும் ஒருமுறை தட்டச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தான். தமிழ் எழுத்துக்கள் அங்கே தமிழாக இல்லை; எண்களும் ஆங்கில எழுத்துக்களும் கலந்த வெறும் குறிகளின் வரிசை. யூனிகோடு முறையில் உயிர்மெய்யின் மெய்ப் பகுதிக்கு ஓர் இடம், கொம்புக்கும் காலுக்கும் சுழிக்கும் வேறோர் இடம். ஒவ்வொன்றும் மூன்று பைட் கொள்ளும். அவன் விரல்விட்டு எண்ணினான். நாம் தட்டிய தொடுவெட்டியில் 30 பைட் இருந்தது. அவள் தட்டியதில் 33.

மூன்று பைட், அதாவது ஒரே ஒரு குறி, அதிகம். அது 'தொ'வில் ஒளிந்திருந்தது. ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒகர அடையாளத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். சில விசைப்பலகைகள் முதல் வழியில் போகின்றன; சில எழுத்துரு மாற்றிகள் இரண்டாவது வழியில். திரையில் இரண்டும் ஒரே தொ. மனிதனுக்கு ஒன்று, யந்திரத்துக்கு இரண்டு வேறு பெயர்கள். தோவாளை, கோட்டாறு, நாகர்கோவில் என்று ஒகரமும் ஓகாரமும் வருகிற எங்கள் ஊர்ப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வடிவங்களில் எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று விதியைத் திருத்தினான். மாணவிக்குப் பக்கம் கிடைத்தது.

இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புத்தகத்தைப் படிக்கிற ஒருவர் விலாசத்தைத் தட்டி, 404 பார்த்து, சாட்சியம் வாபஸ் வாங்கப்பட்டது என்று நினைத்திருந்தால் என்ன செய்வது? துப்பாக்கிச் சூட்டைப் பற்றிய வாக்குமூலம் ஒன்று திடீரென்று காணாமற்போனால், அதற்கு ஒரு கொம்பும் காலும்தான் காரணம் என்று யார் நம்புவார்கள்? பக்கம் அழிந்தாலும் விலாசம் தவறினாலும் வெளியே நிற்பவருக்கு ஒரே பதில்தான் வருகிறது.

இன்டர்நெட்டில் பக்கங்களைக் கோக்கும் முறையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நல்ல விலாசங்கள் தாமாக மாறுவதில்லை, மனிதர்கள்தான் மாற்றுகிறார்கள் என்பது அவருடைய கட்சி. கேட்டவர்கள் குறைவு. 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் என்ற பெரிய இலவசக் குடியிருப்பை மூடினார்கள். அங்கே பக்கம் வைத்திருந்தவர்களில் தமிழர்களும் உண்டு. சிலவற்றைப் பிறர் நகல் எடுத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் பழைய விலாசத்தைத் தட்டியவருக்கு வழி சொல்ல அங்கே யாரும் இல்லை. 2020 ஜூனில் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஓர் உத்தரவு வெளியிட்டு, அதே மாதத்தில் வாபஸ் வாங்கிக்கொண்டது. தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப எழுதவேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. அந்த ஆசை நிறைவேறுகிற நாளில், பழைய எழுத்துக்கூட்டலோடு வருகிறவர்களுக்கு வழிகாட்ட விதிகள் எழுத உட்காருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை. ஊருக்குப் புதுப் பெயர் வைப்பது ஒரு நாள் வேலை. பழைய பெயரில் வருகிறவனுக்குக் கதவைத் திறந்துவைப்பது வருஷக்கணக்கில் நீடிக்கிற வேலை.

வாசகசாலையின் விதி ஏட்டை அந்த இளைஞன் எனக்குக் காட்டினான். அதில் தலைப்பில் ஒரு குறி போட்டுவிட்டால் அந்த வரியை யந்திரம் படிக்காமல் தாண்டிப்போய்விடுமாம். அப்படிக் குறி போட்ட வரி ஒன்று தொடுவெட்டி விதிக்கு மேல் இருந்தது: தொடுவெட்டி மார்த்தாண்டத்தின் பழைய பெயர், புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது, யாரும் அழிக்கவேண்டாம் என்று தமிழில் எழுதியிருந்தான்.

"யந்திரம் படிக்காதென்றால் இது யாருக்கு மக்களே?" என்று கேட்டேன்.

"எனக்குப் பொறவு வாறவனுக்கு" என்றான்.